உஷார் அண்ணாச்சி! கடையில் ஃபுட்பால் போடப் போகிறீர்களா?

புதியம்புத்தூர் பஜாரில் டீக்கடை, புரோட்டாக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களும், வீட்டில் மிஷின் போட்டுத் தைக்கும் அக்காமார்களும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துவிடுங்கள். உலகக் கோப்பை கால்பந்து 2026 ஜூன் 11-ல் மெக்சிகோவில் தொடங்கி ஜூலை 19-ல் அமெரிக்காவில் முடிகிறது. இதுவரை இல்லாத அளவுக்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள். இதை வைத்து நாலு காசு பார்க்கலாம் என்று யோசிக்காத கடைக்காரர் இருக்க மாட்டார். பெரிய திரை, புரொஜெக்டர், ஆளுக்கு இருபது ரூபாய், பின்பக்கம் குடிக்கத் 'தனி இடம்' என்று அந்த யோசனை நீளும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. 2022 கத்தார் உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு பக்கம் புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ஆளுயரத்தைப் போலப் பல மடங்கு உயரத்தில் கட்அவுட் நின்றதை உலகமே பார்த்தது. கொச்சிப் பக்கம் 17 பேர் சேர்ந்து ஆட்டம் பார்ப்பதற்கென்றே 23 லட்ச ரூபாய்க்கு வீடு வாங்கினார்கள். அந்த ஜுரம் நம் பக்கமும் வந்துவிட்டது. கோவில்பட்டி ஹாக்கி ஊர், நம் ஊர்களில் கபடிதான் உயிர் என்றாலும், இன்றைக்குப் பிளஸ் டூ படிக்கிற பையன் அர்ஜென்டினா அணியை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். அவன் கடைக்கு வருவான், கூட்டத்தோடு வருவான். வியாபாரம் உண்டு. ஆனால் எந்த மணிக்கு வருவான் என்று பார்த்தீர்களா?

கத்தார் ஆட்டங்கள் நமக்குச் சாயங்காலமும் ராத்திரியுமாக வந்தன. இறுதி ஆட்டமே இரவு 8.30-க்குத்தான். இந்த முறை கதை வேறு. முதல் ஆட்டமே நம் கடிகாரப்படி நள்ளிரவு 12.30. மற்றவற்றில் பல இரவு 9.30, 12.30, விடியற்காலை 3.30, காலை 6.30. இறுதி ஆட்டம் ஜூலை 20 நள்ளிரவு 12.30. இந்த நேரக் கணக்கைப் பார்க்காமல் பணத்தை இறக்குகிறவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. கடை வாசலில் சவுண்டு பாக்ஸ் வைத்துவிட்டு, அடுத்த தெருக்காரர் ஒருவர் போன் போட்டால் போதும், அன்றைக்குக் கடை மூடல்தான்.

சென்னையிலும் பெங்களூரிலும் 'ஸ்போர்ட்ஸ் பார்' நடத்துகிறவர்களுக்கு ஃபுட்பால் சீசன் நல்ல அறுவடை. அவர்கள் கையில் பார் நடத்த உரிமம் இருக்கிறது. நம்மிடம் அது கிடையாது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கிடம் மட்டுமே. அதுவும் இரவு 10 மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும். நள்ளிரவு 12.30 ஆட்டத்துக்கு உங்கள் கடையில் ஒரு குவார்ட்டர் பாட்டில் வெளியே வந்தால், அது பிளாக்கில் வாங்கியதாகவோ பதுக்கி வைத்ததாகவோதான் இருக்கும். 'நான் விக்கலையே, அவங்க கொண்டு வந்து குடிச்சாங்க' என்பது பதில் ஆகாது. குடிக்க இடம் கொடுப்பதும் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கூட்டத்தில் பாதிப் பேர் 21 வயதுக்குக் கீழே என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நேரங்கெட்ட நேரத்தில், எங்கிருந்து வந்தது என்று தெரியாத பாட்டிலை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். அந்த 'தனி இடம்' யோசனையை இன்றைக்கே கைவிடுங்கள்.

அடுத்தது டிக்கெட். இருபது ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கு ஒளிபரப்பைக் காட்டுவது, 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவின்படி ஒளிபரப்பு நிறுவனத்தின் உரிமையை மீறுவது. 'மேட்ச் காம்போ' என்று பெயர் வைத்து டீ, வடைக்குள் அந்த இருபதை ஒளித்து வைப்பதும் வேண்டாம். டீக்கு டீ விலை, புரோட்டாவுக்குப் புரோட்டா விலை, அவ்வளவுதான். பேனரில் ஃபிஃபா சின்னமோ கோப்பைப் படமோ போடாதீர்கள், ஊர்க் கம்பெனிகளிடம் ஸ்பான்சர் வாங்காதீர்கள். வீட்டுக்கென்று வாங்கிய கேபிள், டிடிஎச் இணைப்பைக் கடையில் ஓட்டலாமா என்று இணைப்புக் கொடுத்தவரிடம் இப்போதே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தாக வாங்கி வையுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. சந்தா கட்ட மனமில்லாமல், 'எல்லா மேட்சும் ஃப்ரீ' என்று டெலிகிராமில் வருகிற ஏபிகே ஃபைலைப் போனில் ஏற்றுவார்கள். எந்தப் போனில்? கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கருக்கு வருகிற பணமெல்லாம் எந்தப் போனில் 'டிங்' என்று கேட்குமோ, அதே போனில். அந்த ஆப் முதலில் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், அப்புறம் திரையைப் பார்க்க அனுமதி கேட்கும். கடையில் கூட்டம் நெருக்க, சீக்கிரம் மேட்ச் வரட்டும் என்று எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று தட்டுவோம். அதோடு ஓடிபி எல்லாம் மோசடிக்காரன் கைக்குப் போய்விடும். ஆட்டம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணக்கு காலியாகும். ஆடி மாதக் கொள்முதலுக்கு வைத்த பணம் அதில்தான் இருக்கும். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் நெட்டை அணைத்து, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

பெட்டிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2025-ல் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு அத்தனையையும் தடை செய்துவிட்டது. நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரத்துக்கே 2 ஆண்டு, 50 லட்சம். 'கடைச் சுவரில் இந்தப் போஸ்டரை மட்டும் ஒட்டிக்கோங்க அண்ணாச்சி, மாசம் இவ்வளவு தாரோம்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கூட்டத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022 மார்ச்சில் மலப்புரம் பூங்கோட்டில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஃபுட்பால் பார்க்கக் கட்டிய தற்காலிக கேலரி சரிந்து இருநூறு பேர் அளவுக்குக் காயம் பட்டார்கள். நம் ஊரில் வேறு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. பல கடைகளுக்குப் பக்கத்துச் சுவரே தையல் குடோன், உள்ளே கட்பீஸ் மூட்டை உத்தரம் வரை. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஃப்ரிட்ஜ், புரொஜெக்டர், ஃபேன், சவுண்டு பாக்ஸ் நாலையும் செருகிவிட்டு, கரிசல் காட்டு ஆனி மாதக் காற்றில் ஒரு பொறி தெறித்தால் என்ன ஆகும்? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுங்கள்.

அப்படியென்றால் சம்பாதிக்கவே வழி இல்லையா? இருக்கிறது. காலை 6.30 ஆட்டங்களைப் பிடியுங்கள். ஜூன் 17 காலை 6.30-க்கு அர்ஜென்டினா – அல்ஜீரியா. ஒலி விதியின் நேரம் 6 மணிக்கே முடிந்துவிடுகிறது, கடை எப்படியும் திறந்திருக்கும், டாஸ்மாக் திறக்க ஐந்தரை மணி நேரம் கிடக்கிறது. இட்லி, பூரி, டீ ஓடுகிற ஓட்டத்தை அன்றைக்குப் பாருங்கள்.

இனி தையல்காரர்களுக்கு. நைட்டியும் பாவாடையும் குழந்தைகள் பிராக்கும் தைத்துத் தைத்துப் பேர் வாங்கிய ஊர் இது. சீசனில் ஜெர்சி ஆர்டர் தேடி வரும். துணியும் ஸ்டிக்கரும் அவர்களே கொடுப்பார்கள், பீஸ் ரேட்டும் கூடுதலாகச் சொல்வார்கள். ஸ்டிக்கரைப் புரட்டிப் பாருங்கள். அர்ஜென்டினா சங்க முத்திரை, அடிடாஸின் மூன்று கோடு, பிரேசில் முத்திரை, நைக்கி டிக். அனுமதி இல்லாமல் இவற்றைப் பதித்தால், 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 103-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம். விற்றால் 104-ஆம் பிரிவு, அதே தண்டனை. வாரண்ட் இல்லாமலே டிஎஸ்பி சோதனை போட முடியும். அன்றைக்கு ஆர்டர் கொடுத்தவர் எங்கோ இருப்பார். சரக்கு கிடப்பது ஓவர்லாக் அடிக்கக் கொடுத்த அக்கா வீட்டுத் திண்ணையில். பெயர் எழுதப்படுவதும் அந்த அக்காவுடையதுதான்.

முத்திரை இல்லாத மஞ்சள் பனியன், முதுகில் வெறும் 10 என்ற எண், தாராளமாகத் தையுங்கள். கோவில்பட்டி ஹாக்கிப் பிள்ளைகளுக்கும், தூத்துக்குடிக் கடற்கரை ஃபுட்பால் டீம்களுக்கும், நம்மூர் கபடிக் குழுக்களுக்கும் அவர்கள் பெயரைப் போட்டே தைத்துக் கொடுங்கள். சின்னம் வைத்த ஆர்டர் என்றால் அந்தக் கம்பெனி கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். கட்டிங் மாஸ்டர் கத்தரியை எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். துணி வெட்டியான பிறகு, அட்வான்ஸ் வாங்கியான பிறகு, அந்த ஆர்டரைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் தைரியம் வராது.