கடற்சிங்கங்களைத் தாக்கும் எலிக்காய்ச்சல்

எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயை உண்டாக்கும் சுருள் வடிவ பாக்டீரியா எலிகளோடு நின்றுவிடுவதில்லை. பாலூட்டிகள் பலவற்றின் சிறுநீரகங்களில் தங்கி வாழும் இக்கிருமியின் ‘பொமோனா’ என்னும் வகை, வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் வாழும் கலிபோர்னியக் கடற்சிங்கங்களிடையே 1970-ஆம் ஆண்டு முதல் அவ்வப்போது கொள்ளைநோயாகப் பரவி வருகிறது.

நோயுற்ற விலங்கின் சிறுநீரில் வெளியேறும் கிருமி, கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்சவ்வு வழியாகவோ தோலில் உள்ள கீறல் வழியாகவோ மற்றொரு விலங்கின் உடலுக்குள் நுழைந்து இரத்தத்தில் பெருகுகிறது. நோய் எதிர்ப்பாற்றல் அதனை இரத்தத்திலிருந்து அகற்றிவிட்டாலும், சிறுநீர் உருவாகும் நுண்குழாய்களில் அது எளிதில் அழிக்கப்படாமல் நிலைகொண்டு, அங்கே அழற்சியை ஏற்படுத்துகிறது. இதனால் சிறுநீரகம் தன் செயல்திறனை இழக்க, யூரியா முதலிய கழிவுகள் இரத்தத்தில் தேங்குகின்றன.

இரையிலிருந்தே தமக்குத் தேவையான நீரைப் பெறும் கடற்சிங்கங்கள், இந்நோய் கண்டதும் நீர்ச்சத்தை இழந்து நன்னீரைத் தேடிக் குடிப்பதும், வயிற்று வலியால் துடுப்புக்கால்களை வயிற்றோடு ஒடுக்கிக்கொண்டு கரையில் சுருண்டு கிடப்பதும் முக்கிய அறிகுறிகளாகும். சாசலிட்டோ நகரிலுள்ள கடல் பாலூட்டிகள் மையம் இவற்றை மீட்டு, திரவங்களும் ஆன்டிபயாடிக் மருந்துகளும் அளித்தபோதிலும், கடுமையாகப் பாதிக்கப்பட்டவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இறந்துவிடுகின்றன.

கிருமியைத் தாங்கி வாழும் உயிரை ஓம்புயிர் என்பர். கிருமியை நெடுநாள் சுமந்தும் நோயுறாத எலி போன்றவை ஒரு வகை, தற்செயலாகத் தொற்றுக்கு ஆளாகிக் கடுமையாக நோயுறுபவை மற்றொரு வகை என்பது பாடநூல்கள் கூறும் பாகுபாடு. கடற்சிங்கம் இப்பாகுபாட்டுக்கு அடங்குவதில்லை. நோயுற்று மடியும் விலங்குகளைக் கொண்ட அதே கூட்டத்தில், எவ்வித அறிகுறியுமின்றிப் பல வாரங்கள் கிருமியை வெளியேற்றும் விலங்குகளும் உள்ளன.

பிறந்து வளரும் குட்டிகளால் எதிர்ப்பாற்றலற்ற விலங்குகள் பெருகும்போது நோய் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தீவிரமடைகிறது. 2013-க்குப் பின் சுமார் நான்கு ஆண்டுகள் கிருமி இக்கூட்டத்திலிருந்து மறைந்திருந்து, 2017-இல் மீண்டும் தோன்றியது. அக்காலத்தில் கடல்நீர் வழக்கத்துக்கு மாறாக வெப்பமடைந்து, கடற்சிங்கங்களின் பிறப்பு விகிதத்தையும் இடப்பெயர்வையும் பாதித்ததை ஆய்வாளர்கள் இதனோடு தொடர்புபடுத்துகின்றனர்.

இத்தொற்று மனிதருக்கும் நாய்களுக்கும் பரவக்கூடியது. ஆகவே கரையில் சோர்ந்து கிடக்கும் கடற்சிங்கத்தை நெருங்காமலும் வளர்ப்பு நாயை அருகே விடாமலும், மீட்புக் குழுவினருக்குத் தகவல் அளிப்பதே பொதுமக்கள் செய்ய வேண்டியது.