மானுக்கு உணவிடலாமா?

உத்திரமேரூர்ப் பகுதிப் பள்ளிகளிலிருந்து வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் சுற்றுலா சென்று வந்த மாணவர்கள் பலர் இருப்பீர்கள். அங்குள்ள விலங்குகளுக்குப் பார்வையாளர் எந்தத் தின்பண்டமும் கொடுக்கக் கூடாது என்பது விதி. பசித்து வந்தவருக்குச் சோறு போடுவதை அறம் என்று கற்றவர்கள் நாம். அப்படியிருக்க, ஒரு மானுக்குக் கைப்பிடி சோறு வைப்பது எப்படித் தவறாகும்?

உயிரியல் பூங்காவில் மட்டுமல்ல. உலகின் சில பகுதிகளில் தம் வீட்டு வாசலில் நின்றுகொண்டு மானுக்கு உணவு வைப்பதும் குற்றம். இத்தகைய தடை ஏன் வந்தது என்று அறிய வேண்டுமானால், முதலில் மானின் வயிற்றுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

நான்கு அறை வயிறு

மாடு, ஆடு ஆகியவற்றைப் போலவே மானும் அசைபோடும் விலங்கு. இதன் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் முதல் அறையே மிகப் பெரியது. புல்லிலும் இலையிலும் உள்ள செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் மானுக்கு இல்லை. அந்த வேலையைச் செய்பவை முதல் அறையில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் பிற நுண்ணுயிர்களுமே. அவை நார்ப்பொருளை மெல்ல மெல்லச் சிதைத்து, எளிய அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றை உறிஞ்சித்தான் மான் உயிர் வாழ்கிறது.

எனவே நாம் மானுக்கு உணவு வைக்கும்போது, உண்மையில் அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்கும் சேர்த்தே வைக்கிறோம். அவை புல்லுக்கும் தழைக்கும் பழகியவை. திடீரென்று வேறு உணவு வந்தால் என்ன ஆகும்?

சோறு நஞ்சாவது எப்படி?

உங்கள் வீட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது. இரவில் நீர் ஊற்றி வைத்த சோறு காலையில் புளித்திருப்பதை அறிவீர்கள். சோற்றிலுள்ள மாவுப்பொருளின் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுவதே அதற்குக் காரணம். நன்கு புளித்த அந்த நீரில் நீல லிட்மஸ் தாளை நனைத்துப் பாருங்கள். தாள் சிவப்பாக மாறும்.

இதே மாற்றம் மானின் முதல் அறையில் மிக விரைவாக நடக்கிறது. அங்கே உடல் வெப்பம் இருக்கிறது, நீர் இருக்கிறது, பாக்டீரியாக்களும் தயாராக இருக்கின்றன. சோறு, ரொட்டி, சோளம் போன்றவை அளவுக்கு மீறிச் சென்றதும், மாவுப்பொருளை உண்ணும் பாக்டீரியாக்கள் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. பொதுவாக 6-க்கும் 7-க்கும் இடையே இருக்கும் பி.எச். மதிப்பு 5-ஐ நோக்கி இறங்குகிறது. நார்ப்பொருளைச் செரிக்கும் நல்ல பாக்டீரியாக்கள் மடிகின்றன. இரைப்பையின் உட்சுவர் புண்ணாகிறது. உடலிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, இரத்தத்திலும் அமிலம் ஏறுகிறது. முற்றிய நிலையில் விலங்கு ஓரிரு நாளில் இறந்துவிடும்.

மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்குப் பொங்கலையும் பழங்களையும் அளவுக்கு மீறிக் கொடுக்க வேண்டாம் என்று கால்நடை மருத்துவர்கள் எச்சரிப்பதும் இதனால்தான். மாட்டுக்கு வயிறு உப்பினால் மருத்துவரை அழைக்கலாம். காட்டு மானுக்கு யாரை அழைப்பது? வயிறு நிறையச் சோறு தின்ற மான், தனியே ஒரு புதருக்குள் சென்று படுத்து இறந்து போகும். உணவிட்டவருக்கு அது தெரியவே தெரியாது. மான் மகிழ்ச்சியோடு தின்றதை மட்டுமே அவர் கண்டிருப்பார்.

கிண்டிக் காட்டின் கதை

சென்னை நகரின் நடுவே கிண்டியில் ஒரு காடு இருக்கிறது. புள்ளிமான்களும் வெளிமான்களும் அங்கே வாழ்கின்றன. 1950-களின் இறுதியிலிருந்து அந்தக் காட்டின் பகுதிகள் கல்வி நிறுவனங்களுக்கும் தலைவர்களின் நினைவிடங்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. எஞ்சிய சுமார் 270 ஹெக்டேர் இன்று கிண்டி தேசியப் பூங்காவாக உள்ளது. 1959-இல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.டி. வளாகத்திலும் மான்கள் தொடர்ந்து வாழ்ந்து வருகின்றன. குடியிருப்பு வீடுகளின் அருகே அவை மேய்வதைக் காணலாம்.

வீடும் காடும் இப்படி ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடத்தில், மீந்த உணவு மான்களைக் குப்பைத் தொட்டி வரை இழுத்து வந்துவிடுகிறது. உணவின் மணமும் உப்பும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பையையும் மான் சேர்த்தே விழுங்குகிறது. பை செரிப்பதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. முதல் அறையில் தங்கிச் சேர்ந்து, புல்லுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. இவ்வளாகத்தில் இறந்த மான்கள் சிலவற்றின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது குறித்துச் செய்திகள் வெளிவந்துள்ளன.

ஜப்பானில் உள்ள நாரா நகரிலும் இதே துன்பம். அங்கே மான்களுக்கென்று தவிட்டிலும் மாவிலும் செய்த சிறப்பு அப்பளங்கள் விற்கப்படுகின்றன. பயணிகள் அவற்றோடு நிற்காமல் வேறு தின்பண்டங்களையும் உறையோடு கொண்டு வந்தனர். 2019-ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் இறந்த 14 மான்களில் 9 மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. ஒரு மானின் வயிற்றில் மட்டும் 4.3 கிலோகிராம் குப்பை!

ஒரே குவியலைச் சுற்றி

காட்டில் மான்கள் பரவி மேய்கின்றன. உணவுக் குவியலோ அவற்றை ஒரே இடத்தில் மூக்கோடு மூக்கு உரச நிறுத்துகிறது. ஒரு மானின் எச்சில் பட்டதை இன்னொரு மான் தின்கிறது. நோய்க் கிருமிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறு வேண்டுமா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1994-இல் வேட்டையாடப்பட்ட ஒரு மானுக்குக் காசநோய் இருந்தது தெரியவந்தது. மாடுகளுக்கு வரும் காசநோய் அது. ஆராய்ந்தபோது மேலும் பல மான்களிடம் அந்நோய் இருந்தது. அப்பகுதி மக்கள் குளிர்காலத்தில் கேரட்டையும் சோளத்தையும் பீட்ரூட் கிழங்கையும் குவியல் குவியலாகக் கொட்டி மான்களுக்கு உணவிட்டு வந்தனர். சிலர் அன்பினால், வேட்டைக்காரர்கள் மானை ஈர்ப்பதற்காக. நோய் அப்பகுதி மாட்டுப் பண்ணைகளையும் எட்டியது. பின்னர் மான்களின் மூளையை அழிக்கும் வேறொரு கொள்ளைநோயும் அங்கே கண்டறியப்பட்டது. 2019 ஜனவரி இறுதியில், மாநிலத்தின் தென்பகுதியாகிய பெரும் தீபகற்பம் முழுவதற்கும் மானுக்கு உணவிடுவதற்கும் இரை வைப்பதற்கும் தடை வந்தது.

வீட்டுக்காரர் பாடு

இத்தடையால் வீட்டுக்காரர்களுக்கு இழப்பு உண்டு என்பதை மறுக்க முடியாது. காலையில் சன்னல் வழியே மான்கள் கூடி நிற்பதைக் கண்டு மகிழும் வாய்ப்பு போய்விடுகிறது. தனியாக வாழும் முதியவர்களுக்கு இது சிறிய இழப்பன்று. உணவுக்குப் பழகிய மான் வழியை உடனே மறந்துவிடுவதும் இல்லை. சில காலம் அது வந்து, எதுவும் கிடைக்காமல் பூச்செடியைக் கடித்துவிட்டுப் போகும்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் வைத்த உணவுக்காக வரும் மான்கள் அந்த வேலியோடு நிற்பதில்லை. அடுத்த வீட்டுக் கீரைப் பாத்தியையும் செம்பருத்தியையும் மேய்கின்றன. சாலையைக் கடந்து வாகனங்களில் அடிபடுகின்றன. உண்ணிகளைச் சுமந்து வருகின்றன. நம் ஊரிலானால், அவற்றைத் துரத்தி நாய்களும் வரும். ஒருவர் செய்யும் தருமத்துக்கு மற்றவர் கட்டணம் கட்டுவது போன்றது இது!

தடை, தோட்டக்கலையைத் தொடுவதில்லை. மிச்சிகன் விதிகளின்படி வயலில் நிற்கும் பயிரும், இயற்கையாக விளையும் உணவும், மானுக்கு எட்டாதபடி பறவைகளுக்கு வைக்கும் தீனியும் குற்றமல்ல.

நம் நாட்டுச் சட்டம்

நமது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதில் "வேட்டை" என்ற சொல்லின் பொருளிலேயே, கண்ணி வைப்பது, விரட்டுவது ஆகியவற்றோடு இரை வைத்து ஈர்ப்பதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. உயிரியல் பூங்காவில் விலங்குகளைச் சீண்டுவது, காயப்படுத்துவது ஆகியவற்றோடு, அவற்றுக்கு உணவளிப்பதையும் சட்டம் தடை செய்கிறது. அன்போடு வைத்த சோறு வேட்டையாகாது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் மனிதன் கையில் தின்று அச்சம் நீங்கிய மானுக்கு, நல்லவன் கையும் கள்ள வேட்டைக்காரன் கையும் ஒன்றுதான். ஓடுவதற்குக் கால் கொடுத்த இயற்கை, ஓடச் சொல்வதற்கு அச்சத்தையும் கொடுத்திருக்கிறது. அந்த அச்சத்தை நாம் பறித்துவிடக் கூடாது.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

மீந்த உணவைத் திறந்த தொட்டியில் போடாமல் மூடிய தொட்டியில் போடலாம். காட்டை அடுத்த ஊரில் வழிதவறி வந்த மானைக் கண்டால், நாய்களைக் கட்டிவிட்டு விலகி நின்று வனத்துறைக்குச் சொல்லலாம். கூட்டம் கூடித் துரத்திப் பிடித்தால், மிகுந்த அச்சத்தாலும் களைப்பாலும் தசைகள் சிதைந்தே மான் இறந்துவிடக் கூடும். கோடையில் வனத்துறை காட்டினுள் தொட்டிகளில் நீர் நிரப்புவதுண்டு. எங்கே, எவ்வளவு என்று பார்த்துச் செய்யும் அப்பணியை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே, அதிகத் தொலைவில்லாமல் வேடந்தாங்கல் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பறவைகள் அந்த ஏரியில் வந்து கூடு கட்டுகின்றன. அவற்றுக்கு யாரும் உணவு வைப்பதில்லை. சுற்றியுள்ள நீர்நிலைகளில் அவையே மீன் பிடித்துக்கொள்கின்றன. ஊர் மக்கள் செய்வதெல்லாம் ஏரியையும் மரங்களையும் காப்பது, தீபாவளிக்குக் கூட வெடி வெடிக்காமல் இருப்பது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்களுடைய வயலுக்கு உரமாகிறது. கையால் ஒரு பருக்கையும் ஊட்டாமலே காட்டுயிரை எப்படி வாழவைப்பது என்பதைத் தலைமுறை தலைமுறையாக அவர்கள் செய்து காட்டி வருகிறார்கள்.