கவனம் எங்கே போகுது?



மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளை வளர்க்கிற தாய்மார்கள் நம்ம குழுக்களிலும் இருக்காங்க. பிள்ளை சின்னதா இருக்கும்போது நடக்குமா, பேசுமா என்பதுதான் கவலை. எட்டாவது, ஒன்பதாவது போனதும் பள்ளிக்கூடத்திலிருந்து வேற புகார் வருது. "பாடத்துல கவனமே இல்லைம்மா, எங்கேயோ பார்த்துகிட்டு இருக்குது." இதைக் கேட்டதும், இனிமே படிச்சு என்ன ஆகப்போகுதுன்னு பிள்ளையை வீட்டோடு நிறுத்திடறோம். பொம்பளைப் பிள்ளைன்னா இன்னும் சீக்கிரம். அதுக்கு முன்னால, அந்தக் கவனம் எங்கே போகுதுன்னு பார்க்க வேண்டாமா?

வயிற்றில் இருக்கும்போதோ, பிரசவத்திலோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ மூளைக்கு ஏற்படும் பாதிப்புதான் மூளை முடக்குவாதம். இது ஒட்டுவாரொட்டி இல்லை. கிரகணத்தில் வெளியே வந்ததாலும் வருவதில்லை. மூளையில் பட்ட காயம் நாளுக்கு நாள் பெருகுவதும் இல்லை. மூளை இடுகிற உத்தரவு தசைகளுக்குச் சரியாகப் போய்ச் சேராததால் கை கால் இறுகும், அல்லது தானாக அசையும். இவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அறிவு வளர்ச்சியில் குறையே கிடையாது. வாய் குழறுது, எச்சில் வடியுது என்பதை வச்சே புத்தி இல்லைன்னு ஊர் முடிவு கட்டிடுது.

தலையில ஒரு குடம், இடுப்புல ஒரு குடம் வச்சுகிட்டு வழுக்குற வரப்புல நடந்து வர்றீங்க. அப்போ ஒருத்தர், "போன மாசம் யாரு யாரு சந்தா பாக்கி?"ன்னு கேட்டா உடனே சொல்ல முடியுமா? கணக்கு தெரியாமல் இல்லை. மனசு பூரா குடத்துலயும் காலுலயும் இருக்கு. இந்தப் பிள்ளைகளுக்குச் சாயாமல் உட்காருவதும் பேனா பிடிப்பதும் அந்த மாதிரி வேலைதான். மற்றவர்களுக்குத் தானாக நடக்கிற காரியத்துக்கு இவர்கள் மூளை கூடுதலாகப் பாடுபடுகிறது. நடந்துகொண்டே வேறொரு வேலையும் செய்யச் சொன்னால் நடை மெதுவாகிறது, தள்ளாட்டம் கூடுகிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

வளர் இளம் பருவத்தில் இது ஏன் அதிகமாகத் தெரியுது? எலும்பு வேகமாக நீளுகிறது, இறுகிய தசை அந்த வேகத்துக்கு நீளுவதில்லை. அதனால் நடப்பதற்கும் உட்காருவதற்கும் முன்பைவிட அதிகச் சிரமம். பாடமும் அந்த வருஷங்களில்தான் கூடுகிறது. கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துகிற வேலையில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அது எந்தப் பிள்ளைக்கும் 20 வயது தாண்டியும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

வலியையும் மறந்துவிடக் கூடாது. மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் 4 பேரில் 3 பேருக்கு வலி இருக்கிறது, பல பிள்ளைகள் சொல்வதில்லை. 4 பேரில் ஒருவருக்கு வலிப்பு நோயும் உண்டு. வலிப்பு என்றால் கை கால் வெட்டி இழுப்பதுதான் என்று நினைக்கிறோம். சில நொடிகள் பேச்சு மூச்சில்லாமல் வெறித்துப் பார்ப்பதும் வலிப்பாக இருக்கலாம். அப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தொட்டும் பாருங்க. அப்படியும் திரும்பவில்லை என்றால் தேதி, நேரம் குறித்து மருத்துவரிடம் சொல்லுங்க. முடிந்தால் செல்போனில் படம் எடுத்துக் காட்டுங்க, அது அவருக்கு ரொம்ப உதவும். வலிப்பு மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது.

வீட்டிலும் வகுப்பிலும் முதலில் உட்காரும் இடத்தைச் சரி செய்யணும். பாதம் இரண்டும் தரையில் பதியணும், முதுகுக்குச் சாய்மானம் வேணும், மேசை முழங்கை உயரத்தில் இருக்கணும். பெஞ்சில் கால் தொங்கினால் ஒரு பலகைக் கட்டை போதும், தச்சரிடம் சொன்னால் ஒரு நாள் வேலை. அடுத்தது, கேட்பதையும் எழுதுவதையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்லாதீங்க. வகுப்பில் கேட்கட்டும், குறிப்பைத் தோழியின் நோட்டிலிருந்து வாங்கிக்கலாம். கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணும்வரை பொறுங்க. நாம் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டால் அது வாயே திறக்காது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதமும் அடங்கும். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளும் கேட்கலாம். தேர்வு நெருங்கும்போது ஓடினால் கிடைக்காது. பள்ளி திறந்ததுமே சான்று நகலோடு தலைமை ஆசிரியரிடம் மனு கொடுங்க. வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியரையும் இயன்முறை சிகிச்சையாளரையும் பார்க்கலாம். தனியாகப் போகத் தயங்கினால் குழுவிலிருந்து ஒருத்தர் கூடப் போங்க.