கச்சத்தீவுத் திருப்பயணம்: இரு கரைகள் கூடும் இடம்



வேளாங்கண்ணிக்கு நடந்தே செல்லும் பழக்கமுள்ள மணப்பட்டு, பாகூர் பகுதி மக்கள் பலருக்குக் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவையும் ஒருமுறை காண வேண்டும் என்ற ஆவல் உண்டு. பேருந்திலும் படகிலும் இரண்டு மூன்று நாள்களில் முடியும் பயணம்தான். ஆனால், இது வெறும் தீவுச் சுற்றுலா அன்று என்பதை நாம் முன்கூட்டியே உணர்ந்துகொள்வது நல்லது.

கச்சத்தீவின் பரப்பு ஏறத்தாழ 285 ஏக்கர். குடிநீர் இல்லாததால் அங்கே குடியிருப்பவர் எவருமில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்புதாளையைச் சேர்ந்த மீனவர் ஒருவர் அங்கே அந்தோனியாருக்குச் சிற்றாலயம் எழுப்பினார். இன்றுள்ள புதிய ஆலயம் 2016 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. தீவு யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பில் உள்ளது. 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவின்படி இந்தியத் திருப்பயணிகளுக்கு விசா தேவையில்லை.

தவக்காலத்தையொட்டி, வெள்ளி மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி, மறுநாள் காலை திருவிழாத் திருப்பலி என்பதே வழக்கம். இங்கிருந்து இரவுப் பேருந்தில் இராமேசுவரம் சென்று, அங்கிருந்து மீனவர்களின் படகுகளில் ஏறவேண்டும். அவர்களுக்குப் பேருந்தும் படகும் வேண்டும் என்பதுபோல, யாழ்ப்பாணத்து மக்களும் குறிகட்டுவான் வரை பேருந்திலும் பின்னர் படகிலும் வருகிறார்கள். முன்பதிவை இராமேசுவரம் வேர்க்கோடு புனித சூசையப்பர் பங்கு ஒருங்கிணைக்கிறது. அதன் அறிவிப்பைப் பார்த்து, அனுமதி கிடைத்த பிறகே பேருந்துக்கு முன்பணம் கட்டவேண்டும். அடையாள அட்டை அவசியம். மதுவும் புகையிலையும் அனுமதியில்லை. இரவில் மணல்வெளியில்தான் தங்கவேண்டும். முதியோரும் நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்வது நல்லது.

அந்தோனியாரும் கடல் அலைக்கழித்த ஒரு பயணிதான். மொரோக்கோவில் நோயுற்றுத் தாய்நாட்டுக்குத் திரும்பும் வழியில், புயல் அவரது கப்பலை இத்தாலியின் சிசிலித் தீவில் ஒதுக்கியது. அவர் நினைத்த கரை ஒன்று, இறைவன் சேர்த்த கரை வேறொன்று. மீனவர்கள் அவரைத் தங்களுள் ஒருவராகக் கொள்வதில் வியப்பென்ன?

போரினால் பல ஆண்டுகள் தடைப்பட்ட இத்திருவிழா, போர் முடிந்த பிறகு 2010இல் மீண்டும் நடந்தது. ஆயினும் கடலில் காயம் ஆறவில்லை. சிறையிலுள்ள மீனவர்களை முன்னிட்டு 2024இல் இராமேசுவரம் மீனவர்கள் பயணத்தைப் புறக்கணித்ததால், நம் கரையிலிருந்து திருப்பயணிகள் செல்ல இயலவில்லை. 2025 ஜனவரியில் நம் ஒன்றியப் பகுதியான காரைக்காலிலிருந்து சென்ற மீனவர்கள், நெடுந்தீவு அருகே துப்பாக்கிச் சூட்டில் காயமுற்றனர். அதே ஆண்டு மார்ச்சில் இரு கரை மக்களும் மீண்டும் அத்தீவில் ஒன்றாக முழந்தாளிட்டனர்.

நம் துயரம் உண்மை. அக்கரை மீனவரின் குறையும் உண்மை. இங்கிருந்து செல்லும் விசைப்படகுகளின் இழுவைமடி தங்கள் வலைகளை அறுத்துக் கடலடியையும் வாரிச்செல்கிறது என்று அவர்கள் முறையிடுகிறார்கள். அவர்களும் தமிழர்கள்; போரில் வீடும் படகும் இழந்து, மீண்டும் தொழிலைத் தொடங்கியவர்கள். கடலில் ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்ப்பவர்கள், ஆண்டில் ஓர் இரவு ஒரே மணலில் படுத்து, மறுநாள் ஒரே பீடத்தைச் சூழ்ந்து நிற்கிறார்கள். சமாதான வாழ்த்தின்போது அருகில் நிற்பவர், நம் ஊர்ப் படகால் வலையை இழந்தவராகவும் இருக்கலாம். அவர் கையைப் பற்ற நம் மனம் இசையுமா? பேருந்தில் இடம் பிடிக்குமுன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே.

செல்வோர், சிறையிலிருக்கும் நம் மீனவருக்காக ஒரு செபமும், அக்கரையில் வலையிழந்த குடும்பங்களுக்காக ஒரு செபமும் எடுத்துச் செல்வோம். செல்ல இயலாதோர், அந்த வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையை இரு கரை மீனவருக்காகவும் நம் ஆலயத்திலேயே ஒப்புக்கொடுப்போம். புனித அந்தோனியார் நமக்காக இறைவனிடம் பரிந்து பேசுவாராக.