முகிலில் வைத்த காணி உறுதி

இடம்பெயர்ந்த குடும்பமொன்று கடைசிவரை கைவிடாமல் காவித் திரிந்த பொருள் எது என்று கேட்டால், எமது கிராமங்களில் பல வீடுகளில் ஒரு பொலித்தீன் பையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகம், காணாமற் போன பிள்ளையின் படம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். 1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியபோதும், 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோதும், அந்தப் பை சிலருக்குக் கையோடு வந்தது, பலருக்கு வரவில்லை. வராதவர்கள் தமது காணியைத் தமது காணி என்று நிறுவுவதற்குப் பட்ட பாட்டை வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இன்று அந்தப் பை கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டது. 2025 மார்ச் 28 இல், வடக்கில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வர வேண்டும் என்று காணி நிருணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. அதற்கு உயர் நீதிமன்றம் யூன் மாதம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் இடையிலிருந்த அந்த மூன்று மாதங்களில் பழைய உறுதிகளைத் தேடி எடுத்து, கனடாவிலும் பிரான்ஸிலும் உள்ள சகோதரங்களுக்குப் படம் பிடித்து அனுப்ப வேண்டிய நெருக்கடி பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது. உறுதியைப் படமெடுத்து வைப்பது நல்ல காரியமே. அந்தப் படம் பிறகு எங்கே போகிறது, அதை யார் யார் பார்க்கலாம் என்பதுதான் எமது கேள்வி.

முகில் என்பது என்ன?

பிள்ளைகள் ‘கிளவுட்டில் இருக்கிறது’ என்று சொல்வார்கள். தமிழில் முகில் என்கிறோம். பெயரைக் கேட்டால் ஆகாயத்தில் மிதக்கும் ஏதோவொன்று என்றே தோன்றும். உண்மையில் அது ஆயிரக்கணக்கான கணினிகளை வரிசையாக அடுக்கி, இரவு பகலாக மின்சாரம் கொடுத்து, சூடேறாமல் குளிரூட்டி வைத்திருக்கும் பெரிய கட்டடம். கூகிள் நிறுவனத்துக்குச் சிங்கப்பூரிலும் அத்தகைய நிலையங்கள் உண்டு. எமது உறுதியின் படம் எந்த நாட்டில், எந்தக் கட்டடத்தில் கிடக்கிறது என்பதை எவரும் எமக்கு அறிவிப்பதில்லை. சுருங்கச் சொன்னால், முகில் என்பது இன்னொருவருடைய கணினி.

இன்று கடையில் வாங்கும் கைத்தொலைபேசிகளில் பெரும்பாலானவற்றை இயக்குவதற்கு முதலில் ஒரு ஜீமெயில் கணக்குக் கேட்கப்படும். அக்கணக்கில் படங்களைப் பிரதியெடுக்கும் வசதி திறந்திருந்தால், நாம் எடுக்கும் படம் இணையம் கிடைத்ததும் தானாகவே அக்கட்டடத்துக்குப் போய்விடும். நாம் அனுப்பவில்லையே என்று நினைத்துக் கொண்டிருப்போம், படம் அங்கே போயிருக்கும்.

போகும் வழியிலும், போய்ச் சேர்ந்த இடத்திலும் படம் பூட்டப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால் பூட்டின் திறப்பு நிறுவனத்திடமே உண்டு. சங்கக் களஞ்சியத்தில் வெங்காயம் வைத்தால் பொறுப்பாளரிடம் சிட்டை வாங்குகிறோம், எப்போது திறந்தார், ஏன் திறந்தார் என்று நேரில் போய்க் கேட்கவும் முடிகிறது. இங்கே சிட்டை என்பது, எவரும் வாசிக்காமல் ‘சம்மதம்’ என்று அழுத்திய நீண்ட ஆங்கில ஒப்பந்தம்.

திறப்பு யாருடைய கையில்?

முகிலில் இருப்பவை களவு போவதென்றால், எங்கோ இருக்கும் கெட்டிக்காரத் திருடன் கணினிக் கோட்டையை உடைத்து நுழைவான் என்று நினைக்கிறோம். 2014 இல் ஹொலிவூட் நடிகைகளின் அந்தரங்கப் படங்கள் அப்பிள் நிறுவனத்தின் முகிலிலிருந்து வெளியானபோது எவரும் கோட்டையை உடைக்கவில்லை. நிறுவனத்திடமிருந்து வந்தவை போன்ற பொய்க் கடிதங்களை அனுப்பி, அவர்களிடமே கடவுச்சொல்லை வாங்கினார்கள். எமது ஊர்களில் அவ்வளவு சிரமம்கூடத் தேவைப்படாது.

ஏனெனில் எமது பெரியவர்கள் பலருடைய ஜீமெயில் கணக்கை அவர்கள் தாமாகத் திறக்கவில்லை. தொலைபேசி வாங்கிய கடைப் பொடியன் திறந்து கொடுத்திருப்பான், அல்லது வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் திறந்து கொடுத்திருப்பார். கடவுச்சொல்லும் அவர்களுக்குத்தான் தெரியும். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆயினும் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறதோ, அவரிடமே பொலித்தீன் பையும் இருக்கிறது. சகோதரங்களுக்கிடையே காணிப் பங்கீட்டில் மனக்கசப்பு வந்த வீடுகளில் இது எவ்வளவு பெரிய விடயமாகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

உறுதியின் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? உரிமையாளரின் முழுப்பெயர், கையொப்பம் அல்லது பெருவிரல் அடையாளம், எத்தனை பரப்பு எத்தனை குழி, நான்கு எல்லைகள், உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயரும் முத்திரையும். பக்கத்திலேயே அடையாள அட்டையின் படமும் இருந்துவிட்டால், பொய் உறுதியோ பொய் அற்றோணியோ தயாரிக்க நினைப்பவனுக்கு அரைவாசி வேலை முடிந்துவிட்டது. உரிமையாளர் வெளிநாட்டில், காணி பற்றை வளர்ந்து கிடக்கிறது, அயலில் எல்லையைக் காட்டவும் ஆளில்லை என்றால், இத்தகைய மோசடிக்கு வாய்ப்பான காணி அதுதான்.

இன்னுமொன்று, பழைய சிம் இலக்கம். கடவுச்சொல் மறந்தால் புதியது எடுக்க உதவும் குறியீடு, கணக்கில் பதிந்த தொலைபேசி இலக்கத்துக்கே வரும். நீண்ட காலம் பாவிக்காமல் விட்ட இலக்கத்தை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், குறியீடும் அந்த வேறொருவருக்கே போகும்.

தொலைபேசியைத் திறந்து காட்டு என்று ஒருவர் கேட்டு வாங்கினாலும், கையிலுள்ள படங்களோடு முகிலிலுள்ள பத்து வருடப் படங்களும் அவர் முன் திறந்துவிடும். காணாமற் போனவர்களைத் தேடும் தாய்மார், தமது கோப்புகளை முழுவதுமாகத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு பயணம் செய்யுமுன் இதை யோசிக்க வேண்டும்.

நிறுவனமும் அரசும்

நிறுவனம் தானாகவும் பார்க்கலாம். 2021 இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு தகப்பன், சுகவீனமுற்ற தன் சின்ன மகனின் உடலைப் படமெடுத்து வைத்தியருக்கு அனுப்பினார். அந்தப் படம் முகிலுக்கும் போயிற்று. கூகிளின் கணினி அதைச் சிறுவர் துஷ்பிரயோகம் என்று கருதியது. பொலிசார் விசாரித்துக் குற்றமில்லை என்றனர். அப்படியிருந்தும் நிறுவனம் அவருடைய கணக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கடிதங்கள், படங்கள், தொலைபேசி இலக்கம் உட்பட யாவும் போயின. இதை நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை 2022 இல் வெளிக்கொணர்ந்தது. நல்ல நோக்கத்தோடு வைத்த சோதனைதான், ஆனால் கணினிக்கு வைத்தியரும் வக்கிரக்காரனும் ஒன்றே. இது தவிர, இரண்டு வருடம் எவரும் திறவாத கணக்கை அழிக்கும் நடைமுறையைக் கூகிள் 2023 டிசம்பரில் ஆரம்பித்தது. தகப்பன் இறந்தபின் மூடிக் கிடக்கும் கணக்கிலுள்ள உறுதிப் படத்துக்கு இதுவே கதி.

அரசாங்கத்தின் முகில் பாதுகாப்பானதா என்று கேட்போருக்கு 2023 ஓகஸ்ட் 26 ஐ நினைவூட்டுகிறோம். கப்பம் கேட்கும் நச்சுநிரல் ஒன்று ‘லங்கா அரச முகிலை’த் தாக்கியதில், மே 17 முதல் அன்றுவரையான அரச மின்னஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட, மீட்க முடியாமற் போயின. மேலதிகப் பிரதிகளும் அதே இணைப்பில் இருந்தபடியால் அவையும் பூட்டப்பட்டன. தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் எமது நாட்டில் உண்டு. அதன் முக்கிய பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பின்போடப்பட்டன.

செய்யக்கூடியவை

இவற்றைச் சொல்லி முகிலே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. குண்டு விழுந்த வீட்டிலிருந்து எதையும் எடுக்க முடியாமல் ஓடியவர்களுக்கு, தூரத்திலிருக்கும் பிரதியின் அருமை தெரியும். எமது பழைய சட்டமும் அதை அறிந்திருந்தது. உறுதியின் மூலம் உரிமையாளரிடமும், ஒரு படி நொத்தாரிசிடமும், இன்னொரு படி காணிப் பதிவகத்திலும் இருக்கும் முறை அதனாலேயே வந்தது. ஆகவே முதல் வேலை, பதிவகத்தில் விண்ணப்பித்து உறுதிப்படுத்திய பிரதி ஒன்றைக் கடதாசியில் எடுத்து வேறொரு வீட்டில் வைப்பது.

ஜீமெயில் கடவுச்சொல்லை, நம்பிக்கையான பிள்ளை ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, நீங்களே மாற்றுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பையும் திறந்து, இப்போது பாவிக்கும் இலக்கத்தைப் பதியுங்கள். கூகிள் போட்டோஸில் அழித்த படம் 60 நாட்கள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், அங்கிருந்தும் அகற்ற வேண்டும். வட்ஸ்அப் செய்திகளின் முகில் பிரதியை நிறுவனமும் திறக்க முடியாதபடி பூட்டும் வசதி 2021 இல் வந்தது. ஆனால் அதை நாமே திறந்துவைக்க வேண்டும், அதன் கடவுச்சொல் மறந்தால் மீட்சியில்லை என்பதால் கடதாசியில் எழுதி வைக்கவும் வேண்டும். சட்டத்தரணிக்கு உறுதியை அனுப்பும்போது, இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற வகையில் பகிராமல், அவருடைய பெயருக்கு மட்டும் பகிருங்கள். தொலைபேசியை விற்குமுன் கணக்கை அதிலிருந்து வெளியேற்றி முற்றாக அழியுங்கள்.

உறுதியின் படம் வேண்டாத கையில் போய்விட்டது என்ற ஐயம் இருந்தால், காணிப் பதிவகத்தில் ‘கேவியற்’ எனப்படும் எச்சரிக்கை மனுவைப் பதிவு செய்யலாம். அதன்பின் அந்தக் காணி தொடர்பாக வேறு உறுதி பதிவுக்கு வந்தால் பதிவாளர் உங்களுக்கு அறிவிப்பார். அம்மனு குறித்த காலத்துக்கே செல்லுபடியாகும். காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும் என்பதை நொத்தாரிசிடம் கேட்டுத் திகதியைக் குறித்துக் கொள்ளுங்கள்.