பழைய சங்கிலி வாளை மதிப்பிட்டு வாங்குவது எப்படி?

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி, முத்துப்பேட்டை வட்டாரங்களில் தென்னந்தோப்புகளைப் பெருமளவில் சாய்த்தது. விழுந்த மரங்களை அறுத்து அகற்றி நிலத்தை மீண்டும் சாகுபடிக்குக் கொண்டுவர, பெட்ரோலில் இயங்கும் சங்கிலி வாள் பெரிதும் பயன்பட்டது. மரம் அறுக்கும் மெஷின் என்று நம் பகுதியில் வழங்குவது இதுவே. காய்ப்பு ஓய்ந்த தென்னையை அகற்றவும், சீமைக் கருவேலை அழிக்கவும், வரப்போர மரங்களைக் கழிக்கவும் உழவர்களுக்கு இன்றும் இக்கருவி தேவைப்படுகிறது. புதியதை வாங்கக் கையில் பணம் இல்லாதபோது பழையதை நாடுவது இயல்பு.

பழைய கருவியை வாங்குவதில் தவறில்லை. வெளித்தோற்றத்தைப் பார்த்து விலை பேசுவதுதான் தவறு. புதுச் செயினைப் பூட்டி, உறையைத் துடைத்துப் பளபளப்பாக்கி விற்பவர் உண்டு. செயின், பார் எனப்படும் நீளத் தகடு, காற்று வடிகட்டி ஆகியவை தேய்ந்தால் மாற்றிக் கொள்ளலாம். கருவியின் உண்மையான மதிப்பு அதன் சிலிண்டரிலும் பிஸ்டனிலும் அடங்கியுள்ளது. அவை கெட்டிருந்தால் பழுது பார்க்கும் செலவு, வாங்கிய விலையையே எட்டிவிடக் கூடும்.

சிலிண்டர் ஏன் கெடுகிறது?

இது டூ-ஸ்ட்ரோக் வகை இயந்திரம். மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோல் என்ஜின் ஆயிலுக்குத் தனி இடம் இதில் இல்லை. பெட்ரோலுடன் கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலே பிஸ்டனுக்கு மசகு அளிக்கிறது. 50க்கு 1 என்ற விகிதம் குறிப்பிடப்பட்ட கருவிக்கு 1 லிட்டர் பெட்ரோலில் 20 மில்லி லிட்டர் ஆயில் கலக்க வேண்டும். ஆயில் கலவாத பெட்ரோலில் சிறிது நேரம் ஓடினாலும் பிஸ்டனில் கீறல் விழும்.

தென்னந்தண்டின் வெளிப்பகுதி மிகக் கடினமானது. அதை அறுக்கும்போது செயின் விரைவில் மழுங்கும். மழுங்கிய செயினை அழுத்தி அறுத்தால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும். எனவே கருவியை யார் ஓட்டினார், எந்த மரத்தை அறுத்தார், எவ்வளவு ஆயில் கலந்தார் என்று முதலில் கேளுங்கள். ஆயில் அளவைத் தயங்காமல் சொல்லத் தெரியாதவரிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை.

சோதனை முறைகள்

1. குளிர்ந்த நிலையில் பாருங்கள்: நீங்கள் செல்லும் முன்பே கருவியை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், அது குளிரும் வரை காத்திருங்கள். குளிர்ந்த நிலையில் கிளம்பாத குறையை மறைக்கவும் அவ்வாறு செய்வதுண்டு.

2. தொங்கவிட்டுப் பாருங்கள்: சுவிட்சை அணைத்து, செயின் பிரேக்கைப் போட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்துக் கருவியைத் தரைக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். அழுத்தம் நன்றாக இருந்தால் கருவி விட்டு விட்டு மெதுவாக இறங்கும். தடையின்றிச் சரசரவென இறங்கினால் அழுத்தம் குறைந்துள்ளது என்று அறியலாம். எளிதாக இழுப்பதற்கெனத் தனிச் சுருள்வில் அமைந்த மாதிரிகளுக்கு இச்சோதனை பொருந்தாது.

3. சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள்: இதுவே முதன்மையான சோதனை. சைலன்சரின் திருகுகளைக் கழற்றினால் புகை வெளியேறும் துவாரம் தெரியும். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, கயிற்றை மெல்ல இழுத்தபடி டார்ச் ஒளியில் பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டு வழவழப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாக, உழுத சால் போலக் கோடுகள் தெரிந்தால் கருவியை வாங்க வேண்டாம். கழற்றிய பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருப்பது நலம். வெளுத்திருந்தால் இயந்திரம் அதிகமாகச் சூடேறியிருக்கக் கூடும். கழற்றிப் பார்க்க விற்பவர் இசையாவிடில் அங்கேயே பேச்சை நிறுத்துவது நல்லது.

4. ஓட்டிப் பாருங்கள்: மெதுவாக ஓடும்போது செயின் சுழலக் கூடாது. சுழன்றால் கார்புரேட்டரைத் திருத்த வேண்டும் அல்லது கிளட்ச் சுருள்வில் தளர்ந்துள்ளது. கருவியை இருபுறமும் சாய்க்கும்போது வேகம் தானாக ஏறி இறங்கினால் எங்கோ காற்றுக் கசிவு இருக்கலாம். அடுத்து, பாரின் முனையை வெளிர்நிறக் கட்டைக்கு நேராகத் தொடாமல் பிடித்து வேகத்தைக் கூட்டுங்கள். கட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் செயினுக்கு எண்ணெய் செல்லவில்லை என்று பொருள்.

5. அறுத்துப் பாருங்கள்: பத்து நிமிடம் மரம் அறுத்தபின் கருவியை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் இழுங்கள். தேய்ந்த இயந்திரம் சூடான நிலையில் கிளம்ப அடம்பிடிக்கும்.

6. தேய்மானம் பாருங்கள்: இயந்திரத்தை நிறுத்தி, கையுறை அணிந்து, செயினைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அதிகம் ஆடினால் பாரின் பள்ளம் தேய்ந்துள்ளது. செயினின் வெட்டுப்பல் 4 மில்லி மீட்டருக்குக் குறைந்திருந்தால் செயினை மாற்ற வேண்டும். செயினை ஓட்டும் பல்சக்கரத்தில் ஆழமான தடம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

விலையைக் கணக்கிடும் முறை

அதே மாதிரிக் கருவியின் இன்றைய புது விலையைக் கடையில் கேட்டு அறியுங்கள். இயந்திரம் நன்றாக இருந்தாலும் அதில் பாதியை உச்ச விலையாக வைத்துக் கொள்ளுங்கள். உடனே மாற்ற வேண்டிய பாகங்களின் விலையை அதிலிருந்து கழியுங்கள். கணக்கிற்காகப் புது விலை ரூ. 24,000 என்று கொள்வோம். பாதி ரூ. 12,000. செயினுக்கு ரூ. 1,000, பாருக்கு ரூ. 1,500, வடிகட்டிக்கும் பிளக்கிற்கும் ரூ. 500 கழித்தால் ரூ. 9,000. இதற்குமேல் கொடுப்பது நட்டம். பிஸ்டனில் கீறல் கண்ட கருவிக்கு இக்கணக்கே வேண்டாம். அதன் மதிப்பு, கழற்றி எடுக்கும் உதிரிப் பாகங்களின் மதிப்புதான்.

பெயர் பெற்ற நிறுவனங்களின் கருவிகளைப் போலவே செய்யப்பட்ட போலிகளும் சந்தையில் உள்ளன. உடலில் பொறித்த வரிசை எண்ணைப் பாருங்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ பட்டுக்கோட்டையிலோ உதிரிப் பாகம் கிடைக்குமா என்று விசாரித்த பின்பே பணம் கொடுங்கள். வரிசை எண் குறித்த ரசீதையும் எழுதி வாங்குங்கள். ஆண்டில் இரண்டு மூன்று நாள் வேலைக்கு மட்டும் தேவையெனில், சொந்தமாக வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

விலையைவிட முக்கியமானது

பாரின் முனை மரத்தில் பட்டால் கருவி கண்ணிமைக்கும் நேரத்தில் ஓட்டுபவரின் முகத்தை நோக்கி எகிறக் கூடும். அப்போது செயினை நிறுத்துவது முன்புறத் தடுப்புடன் இணைந்த செயின் பிரேக். கருவி ஓடும்போது அத்தடுப்பை முன்னால் தள்ளிப் பாருங்கள். செயின் உடனே நிற்க வேண்டும். பிரேக் வேலை செய்யாத, தடுப்பு உடைந்த, ஆக்ஸிலேட்டர் பூட்டு இல்லாத கருவியைச் சரிசெய்யாமல் எக்காரணம் கொண்டும் இயக்க வேண்டாம்.

வாங்கிய பின், வேலை முடிந்தால் டாங்கியில் பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள். இப்போது விற்கப்படும் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை ஈர்த்துக் கார்புரேட்டரையும் ரப்பர் குழாயையும் கெடுக்கும். டாங்கியைக் காலி செய்து, இயந்திரம் தானே நிற்கும் வரை ஓட்டி வையுங்கள்.

அரை நாள் செலவிட்டு இச்சோதனைகளைச் செய்து வாங்கினால், குறைந்த முதலீட்டில் பல ஆண்டுகள் உழைக்கும் கருவியை நீங்கள் பெறலாம்.