ரப்பருக்கு என்ன உரம்? வரைபடம் பாதி சொல்லும்... மீதியை உங்கள் மண் சொல்லும்!

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திற்பரப்பு, அருமனை பக்கம் ரப்பர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர், கோடை மழை விழுந்ததும் 10:10:10 கலவை உரம் வாங்கி வைத்துவிடுவார்கள். போன வருஷம் போட்ட அதே உரம், அதே அளவு. 50 கிலோ மூட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகள் தலா 5 கிலோ இருக்கும். மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே தேங்கியிருந்தால், அதற்குக் கொடுத்த காசு வீண். ஷீட் விலை இறங்கிக் கிடக்கும் நாளில் இது சின்ன இழப்பல்ல.

இதற்காகத்தான் ரப்பர் பகுதிகளுக்கு மண்வள வரைபடம் தயாரிக்கப்பட்டது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ரப்பர் நிற்கும் இடங்களை அடையாளம் கண்டு, மண் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, சத்து வாரியாக வரைபடம் போட்டார்கள். அதை வைத்து 'ரப்சிஸ்' என்ற இணையவழி உரப்பரிந்துரைச் சேவையை ரப்பர் வாரியம் 2017-ல் தொடங்கியது. முதலில் கோட்டயம் மாவட்டத்துக்கு வந்தது, பிறகு மற்ற பகுதிகளுக்கும் விரிந்தது. தோட்டம் இருக்கும் இடத்தைக் குறித்தால், அங்குள்ள மண்ணுக்கு ஏற்ற உர அளவைக் காட்டும்.

வரைபடத்தில் தெரியாதது

மாதிரி எடுத்த இடங்களுக்கு நடுவே இருக்கும் நிலத்தின் அளவுகள் கணக்கிட்டுப் போடப்பட்டவை. மேட்டில் சத்து மழையில் கரைந்து போயிருக்கும். பள்ளத்தில் சேர்ந்திருக்கும். ஒரே ஏக்கரில் இரண்டும் இருக்கலாம். ஆகவே சொந்த மண்ணையும் சோதித்துவிடுவது நல்லது.

மெக்னீசியத்தில் கவனம்

கனமழையில் சாம்பல் சத்தும் மெக்னீசியமும் அடித்துச் செல்லப்படும். முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளானால் மெக்னீசியக் குறை இருக்கலாம். பொட்டாஷை அளவுக்கு மேல் போட்டாலும் இந்தக் குறை வரும். அதற்காகச் சோதிக்காமல் மெக்னீசியம் சல்பேட்டை அள்ளிப் போடக் கூடாது. பாலில் மெக்னீசியம் கூடினால், பால் சீக்கிரம் உறைந்துவிடும்.

மாதிரி எடுப்பது எப்படி?

* உரம் போடுவதற்கு முன்பு எடுக்க வேண்டும். உரம் போட்டிருந்தால் மூன்று மாதமாவது கழியட்டும்.
* மேடு, சரிவு, பள்ளம் மூன்றுக்கும் தனித்தனி மாதிரி.
* சருகை விலக்கி, 'வி' வடிவில் 30 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, குழியின் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுக்கவும். இப்படி 10 முதல் 15 இடங்களில்.
* மரத்தின் தூர், உரம் இட்ட இடம், எருக்குழி, மழைநீர்க் குழி அருகே வேண்டாம்.
* எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரை கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்தவும்.

சுண்ணாம்பு போடலாமா?

மண் புளிப்பாக இருக்கிறது என்று சோதனை முடிவு வந்ததும் விவசாயிகள் கேட்கும் முதல் கேள்வி இது. கார அமில நிலை 4.5 முதல் 6 வரை இருந்தால் ரப்பர் நன்றாக வளரும். அதற்கென்று சுண்ணாம்பு தேவையில்லை. வாழைக்கோ மிளகுக்கோ பரிந்துரைத்ததை ரப்பருக்குப் போட வேண்டாம்.

சோதனை முடிவுடன் உங்கள் பகுதி ரப்பர் வாரிய அலுவலகத்தை அணுகினால், மரத்தின் வயதுக்கு ஏற்ற அளவைச் சொல்வார்கள். அதன் பிறகு உரக்கடைக்குப் போகலாம்.